மூத்தவளின் கூப்பன்

கமலநாயகி பிரான்சின் பரிஸ் நகரத்துக்கு வெளிக்கிட்ட புதன்கிழமை காலை, தன்னுடைய மண்ணிறக் கோட்டைக் கழற்றி, அதே அறையில் இருந்த யோகத்தின் கட்டிலில் போட்டா. கூடவே ஒரு தலைத்துண்டு. வெளியே தை மாதத்துக் குளிர் பல்லைக் கிடுகிடுக்க வைக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கோட்டைக் கழற்றுகிற மனிசியைக் கண்டு யோகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இதென்னக்கா, இந்தக் குளிருக்கை கோட்டில்லாமலோ போகப்போறியள்?"

"மருமகன் கார் கொண்டு வாறார். காருக்கை சூடு இருக்கு. இது உமக்கு."

"எனக்கு என்ர கோட்டு இருக்கே."

"உமக்கில்லை பிள்ளை, கமலநாயகிக்கு" என்று சொல்லித் தன் நெஞ்சிலேயே தட்டிக் காட்டினா.

அந்த ஹைம், அதாவது அகதிகளை வைத்திருந்த பழைய மூன்று மாடிக் கட்டடம், ஜேர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்திலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் போனால் வருகிற ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஆண்டு எண்பத்தாறு. அங்கே இருந்த எங்கள் சனத்துக்கு இரண்டு கட்டளை. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டிப் பிடிபட்டால் அகதி விண்ணப்பம், அதுதான் எல்லாரும் வாய்க்கு வாய் 'அன்ராக்' என்று சொல்கிற சாமான், அதோடு முடிந்தது. மற்றது, செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்குக் கீழே போய், பேரைச் சொல்லி, ஆளைக் காட்டி, சாப்பாட்டுச் சாமான் பெட்டியை வாங்க வேண்டும். அரிசி, உருளைக்கிழங்கு, எண்ணெய், பால், கல்லாய் உறைந்த ஒரு கோழி. இரண்டு தரம் அடுத்தடுத்துப் பெட்டி எடுக்க வராதவர் ஊரிலேயே இல்லாதவர் என்று கணக்கு. பேரை வெட்டி மேலிடத்துக்கு எழுதிப்போடுவார்கள்.

கமலநாயகியின் மகளுக்குப் பரிஸில் தலைப்பிள்ளை. பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுக்க ஆளில்லை. அதைச் சொல்லி அனுமதி கேட்டதற்கு வந்த பதில் 'இல்லை'. பெற்ற மனம் கேட்குமா? மனிசி கிளம்பிவிட்டா.

"ஐஞ்சு நாள் பிள்ளை. கூடினால் ஆறு. வெள்ளிக்கிழமை நீர் முதல் உம்மட கோட்டோட போய் உம்மட பெட்டியை எடும். பிறகு பின்பக்கத்துப் படியாலை மேலை வந்து, இதைப் போட்டுக்கொண்டு போய் என்ர பெட்டியை எடும். கீழை பெட்டி குடுக்கிற கிறவுஸ் கிழவனுக்கு எங்கட பொம்பிளையள் எல்லாருக்கும் ஒரே மூஞ்சை."

"நீங்கள் என்னிலும் பார்க்க மொத்தம் அக்கா."

"கோட்டுக்குள்ளை மொத்தமென்ன, மெல்லிசென்ன? கொஞ்சம் நொண்டும். எனக்கு முழங்கால் நோ எண்டு அவனுக்குத் தெரியும்."

யோகம் 'ஏலாது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவளுக்கும் இழப்பதற்கு ஒன்று இருந்தது. மகன் அருட்பிரகாசத்துக்குப் பதினாறு வயது; யாழ்ப்பாணத்தில் மச்சாளின் வீட்டு அறையொன்றில் பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தான். ஆமிக்காரன் சுற்றிவளைத்து அள்ளிக்கொண்டு போகிற வயது அது. தகப்பன் கடலோடு போய்ச் சேர்ந்துவிட்டார். தாயின் அன்ராக் சரிவந்தால்தான் அவனைக் கூப்பிடலாம். 'அம்மா, எப்ப?' என்ற ஒரு கேள்வியைத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் வேறு வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தான். ஆனாலும் அன்று காலை கமலநாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நீலக் கோட்டோடு போய்த் தன்னுடைய பெட்டியை வாங்கினாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற கிறவுஸ் கிழவர், குப்பை வாளிக்குள் ஒரு உருளைக்கிழங்கு கிடந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் திட்டுகிற ஆள், கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பட்டியலில் சரி அடையாளம் போட்டார். யோகம் பின்படியால் ஏறினாள். நீலத்தைக் கழற்றி மண்ணிறத்தை மாட்டினாள். தலைத்துண்டைக் கட்டினாள். வலக்காலைக் கொஞ்சம் இழுத்து, மூச்சை வாயால் விட்டு, முன்படியால் இறங்கி வந்து நின்றாள்.

"பேர்?"

"கமலநாயகி."

குரல்கூட மாறி வந்தது. கிறவுஸ் சரி போட்டார். "குட்."

அறைக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தாள். பயம் வந்திருந்தால் விட்டுவிடலாம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆரோ இப்போது வந்து வாயில் ஒரு துண்டுச் சீனி வைக்கப்போகிறார்கள் என்பது மாதிரி நாக்கில் நீர் ஊறியது. இதென்ன கண்டறியாத கூத்து என்று அவளுக்கே தன்னில் கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் விளங்கியது. இதை அவள் முதல் தரம் செய்யவில்லை.

நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் கதை அது. சண்டை வெள்ளைக்காரனுக்கும் யப்பான்காரனுக்கும். வயிறு காய்ந்தது எங்களுக்கு. பர்மாவிலிருந்து கப்பலில் வருகிற அரிசியை நம்பி ஒரு நாட்டையே வைத்திருந்தான் வெள்ளைக்கார மகாராசன். யப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், கப்பல் நின்றது. பிறகு ஆளுக்கொரு கூப்பன். தலையை எண்ணி, வயதைப் பார்த்து, கிழமைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். பட்டாளத்துக்கும் துறைமுகத்துக்கும் போக மிஞ்சியதுதான் மற்றவர்களுக்கு. வயல் வைத்திருந்தவர் எப்படியோ சமாளித்தார்கள். காணி பூமி இல்லாததுகள் காய்ந்த பனங்கிழங்கில் காய்ச்சிய ஒடியற் கூழும் வேலியில் படர்ந்த முசுட்டை இலையும் தின்று வயிற்றாலடித்துக் கிடந்தன.

யோகத்தின் தாய் அந்த நேரம் பனங்கூடலின் கடைசியில் ஒரு கொட்டிலில் இரண்டு பெண் குஞ்சுகளோடு இருந்தா. தகப்பன் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். பிள்ளைகளுக்கு நாலும் மூன்றும் வயது. மூத்தவள் யோகம், இளையவள் மகாதேவி. அந்தத் தை மாதத்திலோ மாசியிலோ அதில் ஒன்று வயிற்றாலடியில் செத்துப் போயிற்று.

தாய் வாய் திறந்து அழவில்லை. அழுதால் சனம் வரும். சனம் வந்தால் ஊர்க் கணக்கு வைத்திருக்கிற விதானையார் வருவார். விதானையார் வந்தால் ஒரு கூப்பன் போய்விடும். தானே தூக்கிக்கொண்டு போய், தானே கிடங்கு வெட்டி, வடலிக்குப் பின்னால் தாட்டுவிட்டு வந்து, மிச்சமிருந்த பிள்ளைக்குக் கூழ் காய்ச்சினா. செத்தவீடு இல்லை, எட்டுச் சடங்கு இல்லை, ஒன்றுமில்லை. அடுத்த கிழமை இரண்டு பிள்ளையின் அரிசியையும் வாங்கிக்கொண்டு வந்தா. பாவி என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்த அடுப்புக்கு முன்னால் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

தலை எண்ணுகிற ஐயா ஒருத்தர் சைக்கிளில் வருவார். கூப்பன் ஐயா என்று பேர். அவர் படலையடியில் நின்று "மூத்தவள்?" என்று கூப்பிட, பிள்ளை பச்சைச் சட்டையோடு ஓடி வந்து "யோகம்" என்று சொல்லவேண்டும். பிறகு கொட்டிலின் பின்பக்கத்தால் ஓடி, பச்சையைக் கழற்றி, பூச்சட்டையைப் போட்டுக்கொண்டு, விரல் சூப்பியபடி வந்து "மாதேவி" என்று சொல்லவேண்டும். ஐயா போனதும் தாய் வாயில் ஒரு துண்டுச் சீனி வைப்பா. எட்டு மாதம் இப்படி நடந்தது. யோகத்துக்குச் சட்டையின் நிறம் ஞாபகமிருந்தது, சீனியின் ருசி ஞாபகமிருந்தது, அந்த ஓட்டம் ஞாபகமிருந்தது. அதற்கு முந்தி தன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் ஞாபகமில்லை. தாய்க்கு அவள் எப்போதும் 'பிள்ளை'தான்.

எட்டாம் மாதம் ஐயாவுக்கு ஏதோ தட்டியிருக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கி, "ரெண்டு பேரையும் ஒண்டாக் கொண்டு வா" என்றார். தாய் பச்சைச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிறகு, "இளையவள் இண்டைக்குக் காலமை போட்டாளையா" என்று சொல்லிவிட்டு, எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த ஒப்பாரியை எடுத்து வைத்தா. ஊர் திரண்டது. பிரேதம் எங்கே என்று கேட்டவர்களுக்கு விடிந்த கையோடு தாட்டாயிற்று என்று சொன்னா. ஐயா மகாதேவியின் கூப்பனைக் கிழித்துக்கொண்டு போனார்.

இதில் எதை நம்புவது? மூத்தவளின் கூப்பனுக்கு இளையவளிலும் பார்க்க அரிசி கூட. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வைத்திருக்கலாம் என்றால் எந்தத் தாய் எதை வைத்திருப்பா? செத்தது இளையவளாக இருந்தாலும் யோகம் என்ற பேர்தான் மிஞ்சியிருக்கும். மூத்தவளாக இருந்தாலும் அதுதான் மிஞ்சியிருக்கும். எழுபத்தோராம் ஆண்டு தாய் சாகக் கிடந்த நேரம் யோகம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்: "அம்மா, நான் ஆர்?" தாய் கண்ணைத் திறந்து, "நீ என்ர பிள்ளை" என்று சொல்லி, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா. அதோடு சரி. மகாதேவி செத்ததாகச் சொன்ன புரட்டாதி நாளில் ஊருக்காக ஒரு விளக்குக் கொளுத்துவா. அதைவிட வருடத்தில் இன்னொரு நாள், காரணம் சொல்லாமல், அடுப்பு மூட்டாமல் இருப்பா. அந்த நாள் எது என்று யோகத்தால் ஒரு வருடமும் பிடிக்க முடியவில்லை.

ஐந்து நாள் ஆறு நாளாயிற்று, ஏழாயிற்று. கமலநாயகியைக் காணவில்லை. செவ்வாய்க்கிழமையும் நீலக் கோட்டு, மண்ணிறக் கோட்டு. அடுத்த வெள்ளியும் அப்படியே. யோகத்துக்குப் புத்தி கலங்கத் தொடங்கியது அந்தக் கிழமைதான். இரண்டு பெட்டி அரிசியையும் ஒன்றாகக் கொட்ட மனம் வராமல் இரண்டு பானையில் உலை வைத்தாள். இரண்டு பானையிலிருந்தும் சாப்பிட்டாள். வயிறு நிறைந்த பிறகும், கமலநாயகியின் சோறு மிஞ்சக் கூடாது என்று சாப்பிட்டாள். கீழ்மாடிப் பொடியங்களுக்குக் கொடுத்திருக்கலாம்தானே? கொடுக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. சாப்பிட்டு முடிய, செத்துப் போனவளுக்காக அந்த நேரம் ஒரு நாளும் தான் ஏங்கவில்லையே என்ற நினைப்பு வந்தது. அவள் இல்லாதபடியால்தானே சீனி கிடைத்தது. அவள் இல்லாதது அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கிறது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னாள்.

நடைபாதையில் ஆரோ "கமலக்கா" என்று கூப்பிட, "ஓம், வாறன்" என்று பதில் சொன்னாள். கூப்பிட்டது புவனேந்திரன். முப்பத்தைந்து வயது, ஊரில் நிலஅளவைக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவன். ஜேர்மன்காரரின் டொச் பாசையை எப்படியோ ஒரு வருடத்தில் பிடித்துவிட்டான். கடிதம் வாசிக்க, டொக்டரிடம் போக, சண்டை விலக்க, எல்லாவற்றுக்கும் ஹைமில் அவன்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"யோகமக்கா, பெட்டி எடுக்கிற நேரம் மட்டும் கமலக்காவா இருந்தால் போதும். மற்ற நேரத்திலை இந்தக் கோட்டைக் கழட்டுங்கோ."

அவள் குனிந்து பார்த்தாள். மண்ணிறக் கோட்டு. எப்போது போட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் திகதி செவ்வாய்க்கிழமை வினை வந்தது. வேறொரு ஹைமில் ஆளில்லாத பேருக்குப் பெட்டி போய்ப் பிடிபட்டதாம். சமூக உதவிக் கந்தோரிலிருந்து ஒரு அம்மணி, நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டி, கையில் ஒரு கோப்போடு வந்து கிறவுஸ் கிழவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. இது தெரியாமல் யோகம் அன்றைக்கென்று பார்த்து முதலில் மண்ணிறக் கோட்டோடு இறங்கிவிட்டாள்.

அம்மணி கோப்பைப் பார்த்து ஏதோ சொல்ல, புவனேந்திரன் மொழிபெயர்த்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"பதினோராம் நம்பர் அறையிலை ரெண்டு பொம்பிளையள் எண்டு இருக்காம். நீங்கள் அதிலை ஆர் எண்டு கேக்கிறா." பிறகு குரலைத் தாழ்த்தி, மொழிபெயர்ப்பு மாதிரியே சொன்னான். "அக்கா, உங்கட சொந்தப் பேரைச் சொல்லுங்கோ. மற்றதைப் பிறகு பாப்பம்."

சொந்தப் பேர். அவள் வாயைத் திறந்தாள். கோட்டின் கை அவள் விரல்களை மூடிக்கொண்டு கிடந்தது.

"கமலநாயகி" என்றாள்.

புவனேந்திரன் கண்ணை மூடித் திறந்தான். அம்மணி பட்டியலில் விரலை வைத்து, "யோகம்?" என்றா. அவன் உடனே புகுந்து, அவ பல்லு டொக்டரிட்டைப் போயிருக்கிறா என்று அடித்துவிட்டான். அம்மணி நம்பினாவோ இல்லையோ, சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாக வந்து தனக்கு முன்னால் நிற்கவேண்டும், வராதவரின் அன்ராக் முடிந்தது என்று மேலிடத்துக்கு எழுதுவேன் என்று சொன்னா. கமலநாயகியின் பெட்டியை யோகத்தின் பக்கம் தள்ளி விட்டா. அன்றைக்கு யோகத்தின் பேரில் பெட்டி இல்லை. கமலநாயகியின் அரிசியைத்தான் யோகம் அவித்தாள்.

பின்னேரம் தபாற்கந்தோருக்குப் பக்கத்து ரெலிபோன் பெட்டிக்குள் நின்று பரிஸுக்குக் கோல் எடுத்தாள். அந்தப் பக்கம் பிள்ளை வீரிட்டு அழுதது.

"அக்கா, வெள்ளிக்கிழமை காலமை பத்து மணிக்கு நீங்கள் இஞ்சை நிக்கோணும். ரெண்டு பேரையும் ஒண்டாப் பாக்கவேணுமாம்."

கமலநாயகி பிள்ளையை ஆரிடமோ கொடுத்துவிட்டு வந்தா.

"யோகம், கோவியாதையும். நான் இனி வரேல்லை. மருமகன் இஞ்சை அகதியாப் பதிஞ்சு பாப்பம் எண்டுறார். உமக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

"அப்ப உங்கட பேர்?"

"அது கிடக்கட்டும். ஏலுமான வரைக்கும் அந்தச் சாமானை எடும். ஒராளுக்கு ரெண்டாள் சாப்பாடு இந்தக் காலத்திலை ஆர் குடுக்கினம்? உமக்கு அது உதவிதானே."

"உதவியோ?" யோகத்துக்குக் குரல் உடைந்தது. "அக்கா, நான் நீங்களா இருந்து களைச்சுப் போனன். எனக்கு என்னையே தெரியேல்லை. நீங்கள் என்னண்டால் உதவி எண்டுறியள்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? ஒரு கோட்டுத்தானே..." என்று கமலநாயகி தொடங்கக் காசு முடிந்து தொடர்பு அறுந்தது.

புவனேந்திரனிடம் சொன்னபோது அவன் உள்ளுக்குச் சந்தோஷப்பட்டான்.

"அப்ப சுகம் அக்கா. ஆர் இருக்கிறது, ஆர் போறது எண்ட பிரச்சினையே இல்லை. வெள்ளிக்கிழமை உங்கட கோட்டோட வாங்கோ. நான் யோகம், கமலநாயகி நேற்றுப் போயிட்டா எண்டு சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை அவவைத்தானே தன்ர கண்ணாலை கண்டவ. நீங்கள் பல்லு டொக்டரிட்டை. தலைத்துண்டில்லாமல் வந்தால் மூஞ்சையை அவ பிடிக்கமாட்டா. ஒரு ஓட்டையும் இல்லை."

"நேற்று" என்றாள் யோகம்.

"ஓம், நேற்று. டொச்சிலை கெஸ்ரேர்ன். நீங்களே சொல்லிப் பாருங்கோ."

"கெஸ்ரேர்ன்."

"அவ்வளவுதான். பதினைஞ்சாந் திகதி எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னால் பெட்டி எடுத்தது ஆர் எண்டு வரும். களவு எண்டு எழுதுவினம். உங்கட அன்ராக்கிலை அது ஏறும். அருட்பிரகாசத்தை நினையுங்கோ. கீழை எத்தினை பொடியள் போன ஆக்களின்ர பெட்டியை எடுக்கிறாங்கள், அதுகளையும் கிண்டுவினம்."

"ஓம் தம்பி, விளங்குது" என்றாள். உண்மையாகவே விளங்கித்தான் இருந்தது. வியாழக்கிழமை முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டு திரிந்தாள். மகனுக்குக் கடிதம் எழுதினாள். 'பொறு குஞ்சு, கெதியிலை கூப்பிடுவன்' என்று எழுதி ஒட்டினாள். அவளுக்குத் தெரிந்த அளவில் வெள்ளிக்கிழமை எல்லாம் நல்லபடி முடியப்போகிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணி. அம்மணி இருந்தா, கிறவுஸ் இருந்தார், புவனேந்திரன் நின்றான். யோகம் கோட்டே போடாமல், சேலைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையோடு வந்தாள். அம்மணி ஒரு ஆளைப் பார்த்தா, அவளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தா, மற்ற ஆள் வரவில்லை என்று கண்டதும் பேனையைத் திறந்தா.

"ஆர் எண்டு கேக்கிறா."

"யோகம்."

"மற்றவ எங்கையாம்?"

"போயிட்டா. இனி வரமாட்டா."

அம்மணி தலையாட்டி, கமலநாயகியின் பேருக்கு மேல் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்தா. பிறகு கேட்ட கேள்வி யோகத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. எப்போது?

கெஸ்ரேர்ன். நாக்கின் நுனியில் நின்றது. சொன்னால் முடிந்தது. மகன் வருவான். அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், அதில் பொய் இல்லை. ஆனால் திறந்த வாய்க்குள் தாயின் குரல் கேட்டது: இண்டைக்குக் காலமை போட்டாளையா. அந்த ஒரு பொய் நாள் சொல்லப்பட்ட பிறகு, உண்மையான நாள் எது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. நாள் போனது, அதோடு பேர் போனது, அதோடு அந்தப் பிள்ளை இருந்ததே போனது. நாற்பத்து மூன்று வருடம் அதைத் தேடிக் களைத்த மனிசியைப் பிடித்து நேற்று என்று சொல் என்றால் அவள் எப்படிச் சொல்லுவாள்?

"பதினைஞ்சாந் திகதி" என்றாள். "புதன்கிழமை. காலமை எட்டரை மணி."

"அக்கா!" என்றான் புவனேந்திரன். பிறகு அம்மணியின் பக்கம் திரும்பி, ஒன்றும் நடவாத மாதிரி, "கெஸ்ரேர்ன்" என்றான்.

அம்மணி எழுதத் தொடங்கினா.

நல்ல மனிசன் அவன். இவளைக் காப்பாற்றத்தான் சொன்னான், கீழே இருக்கிற பொடியங்களையும் காப்பாற்றத்தான் சொன்னான். யோகத்துக்கு அது தெரியும். தெரிந்துகொண்டும் அவள் மேசையைச் சுற்றிப்போய், கிறவுஸ் கிழவரின் தலைக்கு மேல் சுவரில் தொங்கிய கலண்டரில் விரலை வைத்தாள். பதினைந்து. விரலை எடுக்கவில்லை.

"நைன்" என்றாள். இல்லை என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். "கெஸ்ரேர்ன் நைன். இது. இந்த நாள்."

"மடைச்சி வேலை பாக்கிறியள்" என்று புவனேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அப்படித்தான் நீங்களும் சொல்லுவீர்கள். அவளும் அதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அருட்பிரகாசத்தின் பூட்டிய அறைக் கதவு கண்ணுக்குள் வந்தது. என்ர குஞ்சு, அம்மாவை மன்னிச்சுக்கொள் என்று மனம் கிடந்து கத்தியது. விரல் மட்டும் கலண்டரை விட்டு அசையவில்லை.

அம்மணி எழுதியதை நிறுத்தினா. கலண்டரைப் பார்த்தா. கிறவுஸிடம் பட்டியலை வாங்கி, கமலநாயகியின் பேருக்கு நேரே விரலை ஓட்டினா. பதினேழாம் திகதி சரி. இருபத்தொன்று சரி. இருபத்துநான்கு சரி. இருபத்தெட்டு, தானே பக்கத்தில் இருந்து பார்த்த நாள், அதுவும் சரி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, புவனேந்திரனைப் பார்த்து மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டா.

அவன் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன தம்பி கேக்கிறா?"

"விடுங்கோ அக்கா."

"சொல்லும்."

"அவ போனது பதினைஞ்சாந் திகதியெண்டால், பிறகு நாலு தரம் இதிலை வந்து கமலநாயகி எண்டு சொல்லிக்கொண்டு நிண்டது ஆர் எண்டு கேக்கிறா."

யோகம் கலண்டரிலிருந்து கையை எடுத்தாள். அதற்குப் பதிலான அந்த ஒரு சொல் டொச்சில் அவளுக்குத் தெரியும். ஹைமுக்கு வந்த முதற்கிழமையே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த சொல்.

"இஷ்" என்றாள். அம்மணிக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இன்னொரு தரமும் சொன்னாள். "இஷ். நான்தான்."